எல்லை கடக்கும் ஈகை

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது நம் நாட்டுப் பழமொழி. கொடுப்பது நல்லது என்று கூறியதோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. கொள்பவன் யார், கொண்ட பொருளை அவன் எவ்வாறு செலவிடுவான் என்பதையும் ஆராய்ந்து கொடுக்கச் சொன்னார்கள். கொடுப்பவரும் கொள்பவரும் ஓர் ஊரினராய் வாழ்ந்த காலத்தில் இந்த ஆராய்ச்சி மிக எளிதாக இருந்தது. அடுத்த தெருப் பள்ளிக்கூடத்திற்கு ஒருவர் நூறு ரூபாய் கொடுத்தால், அந்தப் பணம் பள்ளியின் கூரையாயிற்றா, அல்லது நிர்வாகியின் வீட்டுத் திண்ணையாயிற்றா என்பதை அவர் நடந்து சென்று கண்ணால் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

கொடுப்பவர் நியூயார்க்கிலும் கொள்பவர் பொலிவியாவின் மலைச் சிற்றூரிலும் இருந்தால் என்ன செய்வது? அங்கே கண் செய்த வேலையைக் காகிதம் செய்ய வேண்டியிருக்கிறது. சங்கத்தின் விதிகள், பதிவுச் சான்று, வரவு செலவுக் கணக்கு, மொழிபெயர்ப்பு, வழக்கறிஞரின் கருத்துரை என ஏடுகள் அடுக்கடுக்காக வளர்கின்றன. இந்த ஏட்டுச் சோதனை எவ்வாறு தோன்றியது, ஏன் கடுமையாயிற்று, அதனை எளிமையாக்க என்னென்ன முயற்சிகள் செய்யப்பட்டன என்பவற்றை இங்கே காண்போம். வறண்ட சட்டச் செய்தி போல இது தோன்றலாம். ஆனால், ஒரு குழந்தைக்குப் புத்தகம் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் சில வேளைகளில் இந்த ஏடுகளைப் பொறுத்தே அமைகின்றன.

எல்லை கடக்கும் கொடை இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டும். ஒன்று கொடுப்பவர் நாட்டு வாயில்; மற்றொன்று கொள்பவர் நாட்டு வாயில். இரண்டிலும் காவலர் உண்டு. இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டினைக் கூறலாம். ஜேம்ஸ் ஸ்மித்சன் என்பவர் ஆங்கில நாட்டு அறிவியலறிஞர். வாழ்நாளில் ஒரு முறையேனும் அவர் அமெரிக்க மண்ணை மிதித்ததில்லை. ஆயினும் 1826-இல் எழுதிய உயிலில், தம் சகோதரரின் மகன் பிள்ளைப்பேறின்றி இறந்தால் தம் செல்வம் முழுவதும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சேர வேண்டும் என்றும், அறிவை வளர்த்துப் பரப்பும் நிறுவனம் ஒன்று வாஷிங்டனில் அமைய வேண்டும் என்றும் அவர் எழுதி வைத்தார். ஸ்மித்சன் 1829-இல் மறைந்தார். சகோதரரின் மகனும் 1835-இல் மகப்பேறின்றி மறைந்தார்.

அந்தப் பணம் எளிதில் கைக்கு வந்துவிடவில்லை. அயலான் ஒருவனிடம் கொடை பெறுவது நாட்டின் பெருமைக்கு இழுக்கு என்று ஜான் கால்ஹூன் போன்ற தலைவர்கள் அமெரிக்கச் செனட் சபையில் வாதிட்டார்கள். ஏற்பதென்று 1836-இல் முடிவான பின்னர், ரிச்சர்டு ரஷ் என்பவர் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்குச் சான்சரி நீதிமன்றத்தில் வழக்காடி உரிமையை நிலைநாட்டிய பின், 1838-இல் ஏறத்தாழ 5 லட்சம் டாலர் மதிப்புள்ள பொன் நாணயங்களை அவர் கப்பலில் கொண்டு சேர்த்தார். அதன் பின்னும் எட்டாண்டுகள் விவாதம் நடந்து, 1846-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் தோன்றியது. கொடுக்கும் மனம் ஒரு நாளில் எழுதியதை நிறைவேற்றச் சட்டத்திற்கும் அரசியலுக்கும் இருபது ஆண்டுகள் ஆயின. செல்வந்தர் ஒருவரின் பெருங்கொடைக்கே இந்த நிலை என்றால், எளியவர்களின் சிறு கொடைகள் படும் பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இடர்ப்பாட்டின் வேர் எங்கே இருக்கிறது? அறம் என்பது எல்லா நாட்டிற்கும் பொது. ஆனால் அற நிறுவனம் என்பது ஒவ்வொரு நாட்டுச் சட்டத்தின் படைப்பு. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத்து அரசியின் காலத்தில், 1601-இல், ஒரு சட்டம் இயற்றப்பட்டது. முதியோர்க்கும் வறியோர்க்கும் உதவுதல், நோயுற்ற போர்வீரரைப் பேணுதல், கல்விச்சாலைகளை நடத்துதல், பாலங்களையும் துறைமுகங்களையும் செப்பனிடுதல் எனப் பல அறச்செயல்களை அதன் முன்னுரை வரிசைப்படுத்தியது. ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றிய நாடுகளில் அந்தப் பட்டியலின் நிழல் இன்றும் படர்ந்திருக்கிறது. ஆனால் இஸ்லாமிய நாடுகளில் வக்பு என்னும் தனி மரபு உண்டு. ஐரோப்பாவின் பெருநிலப்பகுதி நாடுகளுக்கு வேறு சட்டங்கள் உண்டு. நம் நாட்டிலோ 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ்த் தோன்றிய சங்கங்களும், தருமப் பத்திரம் எழுதி நிறுவிய அறக்கட்டளைகளும் அருகருகே வாழ்கின்றன. ஒரு நாட்டில் அற நிறுவனம் என்று பெயர் பெற்ற ஒன்று, மற்றொரு நாட்டுச் சட்டத்தின் கண்ணுக்குப் பெயரில்லாப் பொருளாகவே தோன்றுகிறது.

இதனோடு வரியும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் 1913-இல் வருமான வரி நிலைபெற்றபோது, அற நிறுவனங்களின் வருவாய்க்கு விலக்கு அளித்தார்கள். முதல் உலகப் போரின்போது, 1917-இல், அறத்திற்குக் கொடுக்கும் தொகையைத் தனி மனிதர் தம் வருமானத்தினின்றும் கழித்துக்கொள்ளலாம் என்னும் சலுகையும் வந்தது. அந்நாளில் அறம் எந்த நாட்டில் நடைபெறுகிறது என்னும் கேள்வி பெரிதாக எழவில்லை. 1938-ஆம் ஆண்டு வரிச் சட்டமோ தனி மனிதரின் கொடை அமெரிக்காவில் தோன்றிய நிறுவனங்களுக்குச் சென்றால்தான் சலுகை உண்டு என்று வரையறுத்தது. அதற்குச் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. அறத்திற்குச் செல்லும் பணத்தின் மீது அரசு வரியை இழக்கிறது. ஆயினும் அரசே செய்திருக்க வேண்டிய செலவை அந்த அறம் ஏற்பதால் இழப்பு ஈடாகிறது. பணம் அயல்நாட்டிற்குச் சென்றால் இந்த ஈடு கிடைப்பதில்லை என்பதே அந்த வாதம். கணக்கன் ஒருவனின் நோக்கில் இது நேர்மையான வாதமே. நம் நாட்டின் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும், அறக்கட்டளையின் வருவாய் இந்தியாவிற்குள் செலவானால்தான் விலக்கு என்பதைப் பொது விதியாகக் கொண்டு, உலக நலத்தை வளர்க்கும் சில செயல்களுக்கு மட்டும் தனி இசைவின்பேரில் இடமளித்தது.

ஆயினும் பணம் எல்லையைக் கடந்துகொண்டுதான் இருந்தது. உலக மாந்தரின் நல்வாழ்வைக் குறிக்கோளாகக் கொண்டு 1913-இல் நியூயார்க் மாநிலத்தில் ராக்பெல்லர் அறக்கட்டளை தோன்றியது. கொக்கிப்புழு நோயையும் மஞ்சட்காய்ச்சலையும் எதிர்த்துப் பல நாடுகளில் அது பணிபுரிந்தது. போர்டு அறக்கட்டளை 1952-இல் அமெரிக்காவிற்கு வெளியே தன் முதல் அலுவலகத்தைத் திறந்த இடம் நம் புதுதில்லியே ஆகும். பாக்கேஜ் திட்டம் என்று உழவர்கள் பேசிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் 1960-61-இல் அந்த அறக்கட்டளையின் துணையோடு தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்றாக இருந்தது. டெட்ராயிட் நகரத்து மோட்டார்த் தொழிலில் பிறந்த செல்வம் காவிரிக் கழனிகளின் எருவோடும் விதையோடும் இவ்வாறு கலந்தது.

பெரும் பணம் திரண்ட இடத்தில் ஐயமும் திரண்டது. வரி செலுத்தாத இந்தச் செல்வம் யாருடைய விருப்பப்படி செலவாகிறது என்னும் கேள்வி அமெரிக்கக் காங்கிரசில் எழுந்தது. 1952-இல் ஒரு குழுவும், 1954-இல் மற்றொரு குழுவும் அறக்கட்டளைகளை விசாரணை செய்தன. பொதுவுடைமைக் கொள்கைக்குப் பணம் செல்கிறதோ என்னும் அச்சம் அந்நாளின் காற்றில் இருந்தது. 1960-களில் டெக்சாஸ் மாநிலத்து உறுப்பினர் ரைட் பாட்மன் என்பவர் வேறு கோணத்தில் ஆராய்ந்தார். சில குடும்பங்கள் அறக்கட்டளை என்னும் பெயரில் தம் தொழில் நிறுவனங்களையே பாதுகாத்துக்கொள்கின்றன, கடன் பெறுகின்றன, உறவினருக்குச் சலுகை காட்டுகின்றன என்று அவர் குற்றம் சாட்டினார். நிதித்துறை 1965-இல் வெளியிட்ட அறிக்கையும், முறைகேடுகள் பரவலாக இல்லாவிட்டாலும் உண்மையிலேயே இருக்கின்றன என்பதை மறைக்கவில்லை.

இவற்றின் விளைவாகவே 1969-ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. டிசம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன் அதில் கையொப்பமிட்டார். ஒரு குடும்பத்தின் அல்லது தொழில் நிறுவனத்தின் செல்வத்தால் நடக்கும் தனியார் அறக்கட்டளை வேறு, பொதுமக்களின் ஆதரவால் நடக்கும் பொது அற நிறுவனம் வேறு என்று அந்தச் சட்டம் தெளிவாகப் பிரித்தது. பொது அற நிறுவனத்திற்குத் தனியார் அறக்கட்டளை தடையின்றிக் கொடுக்கலாம். மற்ற அமைப்புகளுக்குக் கொடுப்பதானால் தனி நெறிகள் உண்டு. அவற்றை மீறினால், கொடுத்த தொகையில் 10 விழுக்காடு அறக்கட்டளையின் மீதும், அறிந்தே இசைவு தந்த நிர்வாகியின் மீது இரண்டரை விழுக்காடும் வரி விழும். தவற்றைத் திருத்தாவிட்டால் கொடுத்த தொகைக்குச் சமமான வரியையே அறக்கட்டளை செலுத்த நேரும். தொடக்க வரியின் அளவுகள் 2006-இல் இரு மடங்காயின.

அயல்நாட்டு நிறுவனம் ஒன்றிற்குக் கொடுக்க விரும்பும் அறக்கட்டளைக்கு முன் இரண்டு வழிகள் எஞ்சின. ஒன்றினைச் செலவுப் பொறுப்பு வழி என்று கூறலாம். கொடுப்பதற்கு முன் விசாரித்தல், எழுத்தில் உடன்படிக்கை செய்தல், கொடைப்பணத்தின் செலவுக்கு ஆண்டுதோறும் கணக்குப் பெறுதல், அதனை வரித்துறைக்குத் தெரிவித்தல் என ஒவ்வொரு காசின் அடிச்சுவட்டையும் பின்தொடர்ந்து செல்லும் வழி அது. மற்றொன்று நிகர்நிலை காணும் வழி. இந்த அயல்நாட்டு நிறுவனம் அமெரிக்காவில் இருந்திருந்தால் பொது அற நிறுவனம் என்னும் தகுதியைப் பெற்றிருக்குமா என்று ஆராய்ந்து, பெற்றிருக்கும் என்று நல்லெண்ணத்தோடு முடிவு செய்வது. அவ்வாறு நிகர்நிலை கண்டுவிட்டால், உள்நாட்டு அற நிறுவனத்திற்குக் கொடுப்பது போலவே கொடுக்கலாம்.

இந்த நிகர்நிலையை எவ்வாறு காண்பது? நிறுவனத்தின் அடிப்படை விதிகள் அறத்தையே நோக்கமாகக் கொண்டுள்ளனவா? அதன் ஆதாயம் எந்தத் தனி மனிதரின் பைக்கும் செல்லாமல் இருக்கிறதா? தேர்தல் அரசியலில் அது ஈடுபடுகிறதா? நாளை அது கலைக்கப்பட்டால், எஞ்சும் சொத்து மற்றோர் அறத்திற்குச் செல்லும் என்பதற்கு உறுதி உண்டா? பள்ளியாக இருப்பின், இன வேற்றுமை பாராமல் மாணவரைச் சேர்க்கும் கொள்கையை ஏற்றிருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி அமெரிக்க நாட்டின் சொந்தப் புண்ணிலிருந்து பிறந்தது. எனினும் உலகின் எந்த மூலையில் உள்ள பள்ளியும் அதற்கு விடை கூறியாக வேண்டும். இவற்றோடு பொதுமக்களின் ஆதரவு பற்றிய கணக்கும் உண்டு. பள்ளியும் மருத்துவமனையும் தாம் செய்யும் பணியின் தன்மையாலேயே தகுதி பெறலாம். மற்றப் பல நிறுவனங்கள் தம் வரவில் மூன்றில் ஒரு பங்கேனும் பொது ஆதரவாக வருகிறது என்று காட்ட வேண்டும். தனி ஒருவர் கொடுத்ததில் மொத்த ஆதரவின் 2 விழுக்காடு வரையே பெரும்பாலும் பொது ஆதரவாக எண்ணப்படும்.

இந்த விதிகள் ஏட்டில் நியாயமாகவே தோன்றுகின்றன. நடைமுறையில் அவை எவ்வாறு இயங்கும் என்பதற்கு நாமே ஓர் எடுத்துக்காட்டினைக் கற்பித்துக்கொள்வோம். பொலிவியாவின் மலைச் சிற்றூரில் கண்ணிழந்தோர்க்குக் கைத்தொழில் கற்பிக்கும் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் கணக்கர் ஒருவரே; அவரே மாலை நேரத்தில் ஆசிரியரும் ஆவார். ஏடுகள் ஸ்பானிய மொழியில் உள்ளன. அந்நாட்டு விதிமுறையில் அமெரிக்கச் சட்டம் கேட்கும் சொற்கள் இல்லை. கேட்கும் கருத்துகள் வேறு வடிவில் இருக்கின்றன. அதற்கு மூன்று அமெரிக்க அறக்கட்டளைகள் சிறு தொகை கொடுக்க விரும்புகின்றன. மூன்றும் மூன்று வழக்கறிஞர்களை அமர்த்துகின்றன. மூவரும் அதே ஏடுகளைத் தனித்தனியே கேட்கிறார்கள். தனித்தனியே மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். தனித்தனியே ஐயம் எழுப்புகிறார்கள். கற்பிக்க வேண்டிய மாலைப்பொழுதுகள் கடிதம் எழுதுவதில் கழிகின்றன. கொடைத்தொகை சிறிதாயின், வழக்கறிஞர் கட்டணமே அதனை விழுங்கிவிடக் கூடும். இவ்வாறு ஆகும் என்று அஞ்சிய அறக்கட்டளை, நல்லெண்ணம் இருந்தும் கொடுக்காமலே நின்றுவிடும்.

இதில் வேறொரு முரணும் உண்டு. அயல்நாட்டு அரசுகளுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும், சட்டம் ஏற்றுக்கொண்ட பன்னாட்டு நிறுவனங்களுக்கும் அறப்பணிக்காகக் கொடுக்கும்போது இத்தனை சோதனை தேவைப்படவில்லை. பெரிய நகரத்துப் பெரிய நிறுவனத்திற்குச் சொந்த வழக்கறிஞரும் தணிக்கையாளரும் இருப்பதால் ஏடு திரட்டுவது எளிது. எல்லாச் சுமையும் இறுதியில் சிறிய நிறுவனத்தின் தலைமீதே இறங்கியது. மோசடிக்காரனைத் தடுக்க அமைத்த வேலி ஏழையையே முதலில் தடுத்தது. மோசடி செய்பவன் ஏடுகளை அழகாகத் தயாரிப்பதில் பெரும்பாலும் கைதேர்ந்தவன் என்பதையும் நாம் மறக்கலாகாது.

தனி மனிதரின் கொடைக்கு வேறொரு வாய்க்கால் இருந்தது. இன்ன பல்கலைக்கழகத்தின் நண்பர்கள், இன்ன மருத்துவமனையின் நண்பர்கள் என்னும் பெயரில் அமெரிக்காவிலேயே ஓர் அற நிறுவனத்தை அமைத்து, அதன் வாயிலாக அயல்நாட்டிற்குப் பணம் அனுப்பும் வழக்கம் அது. இவ்வழக்கத்தைப் பற்றி 1963-இல் வரித்துறை ஒரு தீர்ப்புரை வெளியிட்டது. இடையில் உள்ள நிறுவனம் நீர் தங்காமல் ஓடும் வெறும் வாய்க்காலாக இருந்தால் சலுகை இல்லை. தானே ஆராய்ந்து, தானே முடிவு செய்து, பணத்தின் மீது தன் ஆளுகையை வைத்திருந்தால் சலுகை உண்டு என்பதே அதன் சாரம். சொந்தப் பொறுப்பை ஏற்பவனுக்குச் சட்டம் வழிவிடுகிறது என்னும் நல்ல கருத்து இதில் இருக்கிறது.

அறக்கட்டளைகளுக்கு உரிய சோதனையை எளிமையாக்கும் முதற் பெரு முயற்சி 1992-இல் நிகழ்ந்தது. அந்த ஆண்டில் வரித்துறை எளிய நடைமுறை ஒன்றை வகுத்து வெளியிட்டது. அயல்நாட்டு நிறுவனத்தின் பொறுப்பாளர், கேட்கப்படும் செய்திகளையெல்லாம் வரிசையாக எழுதி, உண்மை என்று உறுதிமொழிந்து கையொப்பமிட்ட பத்திரத்தைக் கொடுக்கலாம். கொடுக்கும் அறக்கட்டளை அதனை நம்பி முடிவெடுக்கலாம் என்பதே அந்நடைமுறை. பத்திரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதும் முதன்முறையாக ஒழுங்குபெற்றது. ஒரு முறை தயாரித்த பத்திரத்தை வேறு அறக்கட்டளைகளுக்கும் காட்டலாம். செய்திகள் மாறாத வரையில் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. நம் கற்பனைச் சங்கத்துக் கணக்கருக்கு இதனால் சில மாலைப்பொழுதுகள் மீண்டிருக்கும்.

எனினும் குறை முழுவதும் தீரவில்லை. பத்திரம் பொதுவானதே ஒழிய, அதனை ஆராய்ந்து கூறும் முடிவு பொதுவாகவில்லை. வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்கு எழுதும் கருத்துரை அந்தக் கட்சிக்காரருக்கே உரியது. அதனை அடுத்த அறக்கட்டளை நம்பி நடத்தல் இயலாது. அயல்நாட்டு நிறுவனங்களின் பொதுப் பட்டியல் ஒன்றை வரித்துறையும் வைத்திருக்கவில்லை. ஆகவே ஒரே கிணற்றின் நீரை ஒவ்வொருவரும் தனித்தனியே சோதித்துப் பார்க்கும் நிலை தொடர்ந்தது.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், ஏட்டுச் சோதனைக்கு வேறு நிறம் வந்தது. வரி ஏய்ப்பைப் பற்றிய கேள்வியோடு, பயங்கரவாதிகளுக்குப் பணம் செல்கிறதா என்னும் கேள்வியும் சேர்ந்தது. கொடை பெறுவோரின் பெயர்களைத் தடைப்பட்டியல்களோடு ஒத்துப்பார்க்கும் வழக்கம் பெருகிற்று. அமெரிக்க நிதித்துறை 2002-இல் அற நிறுவனங்களுக்கு வழிகாட்டும் நெறிகளை வெளியிட்டது. பன்னாட்டு நிதி நடவடிக்கைக் குழு 2001-இல் செய்த பரிந்துரையால் பல நாடுகள் தம் சட்டங்களை இறுக்கின. எல்லா அற நிறுவனங்களையும் ஒரே தட்டில் வைத்து ஐயுறுவது தவறு என்னும் குரலும் தொடர்ந்து எழுந்தது. அக்குழு 2016-இல் தன் பரிந்துரையைத் திருத்தி, ஆபத்து உள்ள இடத்தில் அதன் அளவுக்கு ஏற்ற காவலே போதும் என்று தெளிவுபடுத்தியது. பொதுவாக எல்லார் மீதும் விழுந்த ஐயம் குறைவதற்குப் பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

இதற்கிடையே நிகர்நிலை காணும் வழியிலும் பெரிய மாறுதல் வந்தது. வழக்கறிஞர் மட்டுமன்றி, தகுதி பெற்ற கணக்காயரும் வரித்துறையில் பதிவுபெற்ற முகவரும் எழுத்தில் தரும் கருத்துரையை அறக்கட்டளை நம்பலாம் என்று 2012-இல் முன்மொழியப்பட்ட விதி 2015-இல் உறுதியாயிற்று. அதே விதி வேறொன்றையும் செய்தது. கொள்ளும் நிறுவனத்தின் உறுதிமொழிப் பத்திரத்தை மட்டுமே நம்பி முடிவெடுக்கும் பழைய சலுகையை அது நீக்கிவிட்டது. பத்திரம் செய்திகளைத் தரலாம். ஆனால் சட்டம் அறிந்த ஒருவரின் ஆராய்ச்சி வேண்டும் என்றாயிற்று. 1992-ஆம் ஆண்டு நடைமுறைக்குப் பதிலாகப் புதிய நடைமுறை 2017-இல் வெளிவந்தது. ஒரு கதவை அகலத் திறந்து, மற்றொரு கதவின் தாழைச் சரிபார்த்த செயல் இது. எளிமையும் கண்டிப்பும் ஒருங்கே வாழலாம் என்பதற்கு இது சான்றாகும்.

இவ்விதி உறுதியாவதற்கு முன்பே, 2013-இல், என்ஜிஓசோர்ஸ் என்னும் பொதுச் சேவை அமெரிக்காவில் தொடங்கியது. அறக்கட்டளைகளின் மன்றமும், டெக்சூப் என்னும் நிறுவனமும் சேர்ந்து அதனை உருவாக்கின. ஓர் அயல்நாட்டு நிறுவனத்தை ஒரு முறை முழுமையாக ஆராய்ந்து, அதன் ஏடுகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்து, அடுத்து வரும் அறக்கட்டளைக்கும் அந்த ஆராய்ச்சியின் பயனை அளிப்பது அதன் முறை. பலமுறை செய்த வேலையை ஒருமுறை செய்து பகிர்ந்துகொள்ளுதல் என்னும் இந்தக் கருத்து மிக எளியது. ஆயினும் 1969-க்குப் பின் அதனை நடைமுறைக்குக் கொண்டுவர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. நம்பிக்கையை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்வது பணத்தைப் பகிர்ந்துகொள்வதைக் காட்டிலும் கடினம் போலும்!

ஐரோப்பாவில் இதே கேள்வி ஒரு விந்தையான வழக்காக எழுந்தது. பெர்ஷே என்னும் ஜெர்மானியர் 2003-இல் போர்த்துகல் நாட்டின் லகோவா ஊரில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றிற்குப் படுக்கை விரிப்புகளையும், துவாலைகளையும், முதியோர் ஊன்றி நடக்கும் சட்டங்களையும், அங்கிருந்த சிறுவர்க்குப் பொம்மைக் கார்களையும் கொடுத்தார். அவற்றின் மதிப்பு 18,180 யூரோ. ஜெர்மன் வரி அலுவலகம் சலுகையை மறுத்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 2009 ஜனவரி 27 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அயல்நாட்டு நிறுவனம் உள்நாட்டு நிபந்தனைகளை நிறைவு செய்கிறது என்று காட்டுமாறு கொடையாளரைக் கேட்கலாம். ஆனால் அவ்வாறு காட்டும் வாய்ப்பையே மறுக்கக் கூடாது என்று அது கூறிற்று. பொம்மைக் கார்களுக்காக எழுந்த வழக்கு ஒரு கண்டத்தின் வரிச் சட்டங்களை அசைத்தது. ஆனால் எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஐரோப்பிய அறக்கட்டளைச் சட்டம் வேண்டும் என்று 2012-இல் எழுந்த முயற்சி, உறுப்பு நாடுகள் அனைத்தின் இசைவும் கிட்டாமையால் பின்னர்க் கைவிடப்பட்டது.

இனிக் கொள்பவர் நாட்டு வாயிலுக்கு வருவோம். தன் அரசியலிலும் பொது வாழ்விலும் அயல்நாட்டுப் பணம் மறைமுகமாகப் புகுவதை எந்தத் தன்னாட்சி நாடும் விரும்பாது. நம் நாட்டில் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் 1976-இல், நெருக்கடிநிலைக் காலத்தில் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக 2010-இல் இயற்றிய புதிய சட்டம் 2011 மே 1 முதல் நடைமுறைக்கு வந்து, பதிவை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் செய்தது. 2020-இல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவின் உச்ச வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. எல்லா அயல்நாட்டு நன்கொடையும் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையிலேயே முதலில் வந்து சேர வேண்டும் என்றும், பெற்ற நன்கொடையை ஒரு நிறுவனம் மற்றொரு நிறுவனத்திற்குப் பங்கிட்டுக் கொடுக்கக் கூடாது என்றும் அது விதித்தது. உச்ச நீதிமன்றம் 2022-இல் இத்திருத்தங்களைப் பெரும்பாலும் செல்லுபடியாகும் என ஏற்றுக்கொண்டது.

நாட்டின் பாதுகாப்பைக் கருதிய நோக்கம் ஒருபுறம் இருக்க, இதன் விளைவையும் நாம் நடுநிலையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். சிற்றூர்ச் சங்கத்திற்கு அயல்நாட்டாரோடு நேரே கடிதம் எழுதும் ஆற்றல் இருப்பதில்லை. நகரத்தில் உள்ள பெரிய நிறுவனம் சோதனைகளையெல்லாம் தான் ஏற்று, பணத்தைப் பெற்று, சிற்றூர்களுக்குப் பகிர்ந்தளிப்பது முன்பு இருந்த ஒரு வழி. அந்த வழி 2020-க்குப் பின் அடைபட்டது. இனி ஒவ்வொரு சிறு சங்கமும் தானே பதிவு பெற வேண்டும். தானே கணக்குக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் 1969-க்குப் பின் கண்ட அதே உண்மையை இங்கும் காண்கிறோம். காவல் பெருகும்போது, அதன் சுமை எடை குறைந்தவர் மீதே அதிகமாக அழுத்துகிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கன மூன்று. முதலாவது, ஒவ்வொரு விதிக்கும் பின்னால் உண்மையான ஒரு முறைகேடோ அச்சமோ இருந்திருக்கிறது. ஆதலால் சோதனையே வேண்டாம் என்பது பொறுப்பற்ற பேச்சு. பொதுமக்கள் விட்டுக்கொடுத்த வரியில் வளரும் பணத்திற்குக் கணக்கு இருந்தே தீர வேண்டும். இரண்டாவது, ஒருமுறை நன்கு செய்த சோதனை பலருக்கும் பயன்பட வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் தரும் பட்டத்தை எல்லா அலுவலகங்களும் ஏற்றுக்கொள்கின்றன. ஒவ்வோர் அலுவலகமும் அம்மாணவனுக்கு மீண்டும் தேர்வு வைப்பதில்லை. அற நிறுவனத்தின் தகுதியையும் அவ்வாறே போற்றும் முறை வேண்டும். மூன்றாவது, சோதனையின் கடுமை கொடையின் அளவுக்கும் ஆபத்தின் அளவுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். கோடி டாலருக்கும் நூறு டாலருக்கும் ஒரே ஏடுகளைக் கேட்பது சமநீதி போலத் தோன்றும். ஆனால் நீதி ஆகாது.

இன்று கல்லூரிகளில் சட்டமும் வணிகவியலும் பயிலும் மாணவர்களில் சிலர் நாளை இத்தகைய விதிகளை எழுதும் இடத்தில் இருப்பார்கள். வேறு சிலர் அந்த விதிகளின்படி ஏடுகளைச் சரிபார்க்கும் மேசையில் அமர்வார்கள். அப்போது அவர்கள் முன் வரும் ஒவ்வொரு பத்திரத்திற்கும் பின்னால் முகம் தெரியாத இருவர் நிற்கிறார்கள். ஒருவர் தொலைவில் இருந்து நம்பிக் கொடுத்தவர். மற்றவர் தொலைவில் இருந்து எதிர்பார்த்துக் காத்திருப்பவர். கொடுத்தவரின் நம்பிக்கை பொய்க்காமலும், காத்திருப்பவரின் காலம் வீணாகாமலும் காப்பதே அந்த மேசையில் அமர்வோரின் கடமை.